விளக்கை அணைத்த நண்டு

என் தம்பி கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். ஆனால் குடும்பத்தில் எல்லோரும் அவனை டைரக்டர் என்றுதான் கூப்பிடுவோம். முதலில் கிண்டலாக ஆரம்பித்த பேச்சு அது. அவன் அதைக் கிண்டலாகவே எடுத்துக்கொள்ளாததால் பெயராக நிலைத்துவிட்டது.

நான் சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாள் காலை, நான் ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்த மேசைமேல் அவன் ஒரு பெரிய காகிதத்தை விரித்தான். அதில் ஒரு நண்டு, மனிதனைப் போல இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தது. ஒரு கொடுக்கு சின்னது. இன்னொன்று ஒரு ஆளைத் தூக்கி வைக்கும் அளவு பெரியது.

படத்தின் பெயர் ‘நரக நண்டு’ என்றான். ஒரு விஞ்ஞானி ஆற்றில் விஷத்தைக் கலக்கிறான். அதைக் குடித்த நண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்து பழிவாங்க ஊருக்குள் வருகிறது. ஆற்று நண்டுக்கு நரகத்தில் என்ன வேலை என்று கேட்டேன். அவன் முகம் வாடிவிட்டது.

“சிரிக்காதக்கா. ஜனங்க நடுங்கிப் போகணும். ராத்திரி தனியா பாத்ரூம் போகக்கூட பயப்படணும். அப்படி ஒரு படம் இது.”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அளவு நாடாவை எடுத்தேன். கூடப் பிறந்தவனுக்கு வேறு என்ன செய்வது?

ஒரு பல் டாக்டரின் கிளினிக் இருக்கைகளுக்கு வாங்கியதில் செங்கல் நிற ரெக்சின் மிஞ்சியிருந்தது. அதை ஓடாகத் தைத்தேன். உள்ளே பஞ்சும் ஃபோமும் வைத்து அடைத்தேன். உள்ளே இருப்பவருக்குக் கண் தெரிய வேண்டுமே என்று இரண்டு டீ வடிகட்டிகளைக் கண்ணாகப் பொருத்தினேன். முதுகில், மெத்தை உறைக்குப் போடும் நீளமான ஜிப். எல்லாம் முடிந்து சுவரோரமாக நிறுத்திவைத்தபோது, ஒரு சோபா எழுந்து நின்றுகொண்டு யாரையோ முறைப்பது போல இருந்தது. தொழில் புத்தி எங்கே போகும்? நான் எதைத் தைத்தாலும் அதன்மேல் உட்காரத்தான் தோன்றும்.

நண்டாக நடிக்க எங்கள் தெரு ஜிம் மாஸ்டரைப் பேசியிருந்தான். நல்ல உயரம், தோளே ஒரு கதவு அகலம். முதல் நாள் படப்பிடிப்பில் அவரை உள்ளே விட்டு ஜிப்பை மூடினோம். தம்பி விளக்குகளைச் சரிசெய்து முடிப்பதற்குள் நண்டு ஒருமுறை ஆடியது, பிறகு அப்படியே சாய்ந்தது. உள்ளே அவ்வளவு புழுக்கம். ஜிப்பும் சிக்கிக்கொண்டது. குறடு வைத்து இழுத்து அவரை வெளியே எடுப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஜிம் மாஸ்டர் தண்ணீர் குடித்துவிட்டு, மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் என் வீட்டுக்காரர் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. அவர் ஒருவர் அங்கே வேலை செய்கிறார் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒருமுறை அவர் உள்ளே இருக்கும்போதே அறையைப் பூட்டிவிட்டார்கள். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, காவலாளி தானாக வந்து திறக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். எங்கள் கல்யாணப் போட்டோக்களில் பாதியில் அவர் யாருடைய தோளுக்கோ பின்னால்தான் தெரிவார். மாப்பிள்ளையே அவர்தான். யார் எது கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல அவர் வாயில் வராது.

தம்பி அவரைத் தலை முதல் கால்வரை பார்த்தான்.

“மாமா, கொஞ்சம் இதுக்குள்ள போய்ப் பாக்குறீங்களா? சும்மா, ஒரு அளவுக்கு.”

அவர் சாப்பாட்டு அடுக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, உள்ளே இறங்கினார். தொளதொளவென்று இருந்ததால் இரண்டு தலையணைகளைத் திணித்தேன். புழுக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கோப்பு அறைக்கு இது எவ்வளவோ மேல் என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அப்படித்தான் என் கணவர் நரக நண்டானார்.

படப்பிடிப்பு விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டிலும் கடையிலும் ஆற்றங்கரையிலும் மாறி மாறி நடந்தது. ஜன்னல்களில் நீலத் தாள் ஒட்டினால் இரவு; கிழித்தால் பகல். நண்டு பக்கவாட்டில் நடக்க வேண்டும் என்று தம்பி சொன்னபோது அதை யார் சொல்லிக்கொடுப்பது என்று கவலைப்பட்டேன். தேவையே இருக்கவில்லை. கோப்பு அலமாரிகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கில் வருஷக்கணக்காக வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கவாட்டிலேயே போய் வந்தவர் அவர். ஒரு காலை வைத்து, இன்னொரு காலை மெல்ல இழுத்துச் சேர்த்து, யார்மேலும் இடித்துவிடக் கூடாதே என்று கொடுக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்வார். தம்பிக்குப் பரம திருப்தி.

விஞ்ஞானியைக் கொல்லும் காட்சியில்தான் அது நடந்தது. பக்கத்து சலூன்காரர்தான் விஞ்ஞானி. தலைமுடி வெட்டும்போது போடும் அதே வெள்ளைக் கோட்டு. எங்கள் சமையலறைதான் ஆராய்ச்சிக்கூடம். நண்டு கதவை உடைத்துக்கொண்டு வந்தது, கழுத்தைப் பிடித்தது, சலூன்காரர் தக்காளி சாஸைக் கக்கிக்கொண்டு விழுந்தார். விழும்போது தலை அடுப்பு மேடையில் இடித்துவிடுமோ என்று நண்டு சின்னக் கொடுக்கால் அவர் தலையைத் தாங்கி, மெதுவாகத் தரையில் வைத்தது. பிறகு வாசலுக்கு நகர்ந்தது. ஒரு கணம் நின்றது. திரும்பியது. பெரிய கொடுக்கின் நுனியால் சுவிட்சைத் தொட்டு விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனது.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். என்ன மாமா இது என்று கேட்டதற்கு, அறையில்தான் யாரும் இல்லையே என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். மறுபடி எடுக்கலாம் என்றால், கதவு உடைந்தது உடைந்ததுதான். சலூனில் முகத்தில் சோப்பு நுரையோடு ஒரு வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருந்தார். காட்சி அப்படியே படத்தில் தங்கிவிட்டது.

ஊரில் ஒரு பழைய தியேட்டர். அதை நடத்துவது ஒரு அம்மா; டிக்கெட் கிழிப்பது முதல் புரொஜெக்டர் ஓட்டுவதுவரை எல்லாம் அவர்தான். வருவதாகச் சொன்ன படம் ஏதோ வராமல் போனதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியை எங்களுக்குக் கொடுத்தார். தம்பி கோட்டு சூட்டெல்லாம் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தான். என் வீட்டுக்காரர் கூச்சப்பட்டுக்கொண்டு கடையிலேயே இருந்துவிட்டார். வெளியே வெயில் கொளுத்தியதால் குளுகுளு அறைக்காகவே கொஞ்சம் கூட்டம் வந்திருந்தது.

நண்டு ஆற்றிலிருந்து எழுந்ததும் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். முதுகைக் காட்டியபோது, “ஜிப்பு தெரியுதுப்பா” என்று ஒரு குரல். சலூன்காரரின் தலையை அது தாங்கிப் பிடித்தபோது அரங்கு முழுவதும் சிரிப்பு. விளக்கை அணைத்தபோது ஜனங்கள் நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் இருந்த பெண்மணிக்குப் புரையேறிவிட்டது. முன்வரிசையில் தம்பியின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் முடிவதற்குள் அவன் இடம் காலியாகிவிட்டது.

கடைக்கு வந்து பார்த்தால், ஃபோம் அடுக்கின்மேல் கோட்டு சூட்டோடு குப்புறப் படுத்துக்கிடந்தான். என் வீட்டுக்காரர் அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் தன்னால்தான் கெட்டது என்று மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் இருந்தார். வீட்டில் விளக்கை அணைக்கவே பயந்துகொண்டு, எல்லா அறையிலும் எரியவிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரக் கடைசியில் தியேட்டர்காரம்மா போன் செய்தார். ஜனங்கள் வந்து நண்டுப் படம் எப்போது மறுபடி என்று கேட்கிறார்களாம். பார்த்தவர்கள் பார்க்காதவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம். தம்பி போனை வாங்கவே மறுத்துவிட்டான். நான்தான் சரி என்றேன்.

அடுத்த ஞாயிறு அரங்கு நிறைந்தது. அதற்கடுத்த ஞாயிறு, வந்தவர்களில் சிலர் கண்ணில் டீ வடிகட்டியை வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சலூன்காரர் திரையில் தோன்றியதும், “முடி வெட்டணும்” என்று ஒரு வரிசையே கத்தியது. நண்டு வாசலில் நிற்கும் அந்த ஒரு கணத்தில் மொத்த அரங்கும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு எல்லோரும் ஒரே குரலில், “லைட்டு” என்பார்கள். அது அணைந்ததும் எழும் ஆரவாரம் தெருமுனைவரை கேட்கும். விஞ்ஞானி மேல் யாருக்கும் இரக்கம் இல்லை. எல்லோருக்கும் நண்டைத்தான் பிடித்திருந்தது.

தம்பிக்கு மட்டும் அது அவமானமாகவே இருந்தது. ஊரே சேர்ந்து தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்தான். கேமராவை விற்றுவிடப் போவதாகக்கூடச் சொன்னான். அன்று என் வீட்டுக்காரர் அவனிடம் பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நானே கேட்டதில்லை.

“எங்க ஆபீஸ்ல யாரும் சிரிச்சு நான் பாத்ததில்ல மாப்ள. எங்க மேனேஜர் இருக்காரே, அவர் பல்லு என்ன நிறம்னே யாருக்கும் தெரியாது. இந்தத் திங்கக்கிழமை அவரு, காபி குடிக்கிற இடத்துல, குடைய இப்படி மார்போட பிடிச்சுக்கிட்டு, எங்க எல்லாருக்கும் நண்டு மாதிரி நடந்து காட்டினாரு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. உன் படத்தப் பாத்துட்டுத்தான். அவங்க உன்ன ஒண்ணும் கேலி பண்ணல மாப்ள. அவங்களுக்கு அது புடிச்சிருக்கு.”

தம்பி அவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, நீங்கதான் அந்த நண்டுன்னு சொன்னீங்களா மாமா என்று கேட்டான். அவர் பதறிப்போய்த் தலையை ஆட்டினார். மேனேஜருக்குத் தெரிந்தால் வேலை என்னாவது? இவர் நடையை இவரிடமே நடித்துக்காட்டி, “சரியா வருதா?” என்று மேனேஜர் கேட்டாராம். இவரும், காலைக் கொஞ்சம் இழுத்துச் சேர்த்தால் நன்றாக இருக்கும் சார் என்று மட்டும் சொன்னாராம்.

இதற்குள் தியேட்டர்காரம்மாவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. படம் முடிந்ததும் நண்டே நேரில் மேடையில் தோன்றும் என்று வாசலில் எழுதிப் போட்டுவிட்டார். என் வீட்டுக்காரரின் வாயிலிருந்து முதல் முறையாக, மாட்டேன் என்ற சொல் வந்தது. அத்தனை பேர் முன்னால் நிற்க அவரால் முடியாது. வேறு வழியில்லாமல் தம்பி ஜிம் மாஸ்டரிடம் போய்க் கெஞ்சினான். சும்மா மேடையில் ஒரு நடை, அவ்வளவுதான் என்றதால் அவரும் ஒப்புக்கொண்டார்.

அந்த ஞாயிறு மேனேஜர் தன் ஆபீஸ் மொத்தத்தையும் படத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வரமாட்டேன் என்று அவரிடம் சொல்ல என் வீட்டுக்காரருக்குத் தைரியம் இல்லை. ஆகவே வரிசையின் நடுவில் அவர், ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் மேனேஜர், மேனேஜருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி. படம் ஓடியது. மேனேஜர் எல்லோரையும்விட ஒரு நொடி முன்னதாகவே, “லைட்டு” என்றார். என் வீட்டுக்காரர் தன் படத்தைத் தானே பார்ப்பது அதுதான் முதல் முறை. இருட்டில் அவர் முகத்தைப் பார்த்தேன். கூச்சமும் சந்தோஷமும் கலந்து என்னவோ போல இருந்தது.

படம் முடிந்தது. தம்பி மைக்கோடு மேடையேறி, இதோ வருகிறது நரக நண்டு என்றான். ஆரவாரம் கூரையைத் தொட்டது. ஜிம் மாஸ்டர் வெளியே வந்தார். நேராக, நிமிர்ந்து, ராணுவ வீரர் போல நடந்துவந்து மேடை நடுவில் நின்று இரண்டு கொடுக்கையும் தூக்கிப் புஜபலம் காட்டினார்.

அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள்.

“இது நம்ம நண்டு இல்ல.”

அவ்வளவுதான். எங்கள் நண்டு எங்கே என்று எல்லாப் பக்கமிருந்தும் கேட்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் எழுந்து நின்று, இது ஏமாற்று வேலை என்று கடுமையாக அறிவித்தார். தம்பி மைக்கில் ஏதோ சொல்லப் பார்த்தான். அதில் கீச்சென்ற ஓசை மட்டும் வந்தது. மேடையில் நண்டு முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோக முயன்று ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. ஜனங்கள் நடனம் என்று நினைத்தார்கள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும், ஜிப் மறுபடி சிக்கிக்கொண்டுவிட்டது, ஜிம் மாஸ்டருக்கு மூச்சு முட்டுகிறது என்று.

அவர் எழுந்தார். ஒன்றும் யோசித்திருக்க மாட்டார். மாட்டிக்கொண்ட ஒரு மனிதனை வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் மனதில் இருந்திருக்கும். மேனேஜரின் முழங்காலைத் தாண்டி, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முன்னால், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நகர ஆரம்பித்தார். யாரையும் இடித்துவிடாமல் கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு. ஒரு காலை வைத்து, இன்னொரு காலை மெல்ல இழுத்துச் சேர்த்து.

முதலில் பின்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு அந்த வரிசை. அரங்கு முழுவதும் அவரையே பார்த்தது. அவர் வரிசையின் கடைசியை எட்டியபோது, மேனேஜர் தன் மனைவியிடம் மெதுவாகச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“நம்ம கோப்பு அறைக்காரர்தான் நண்டு.”

அடுத்த நிமிஷம் எழுந்த சத்தத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. ஜனங்கள் இருக்கைமேல் ஏறி நின்றார்கள். வழியில் இருந்தவர்கள் அவர் தோளைத் தொட்டார்கள். அவர் காது சிவக்க மேடையேறி, பழகிய கையால் ஜிப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்து, ஜிம் மாஸ்டரை வெளியே எடுத்து, நாற்காலியில் உட்காரவைத்து விசிறிவிட்டார். பிறகுதான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. வலது கையைக் கொடுக்கு மாதிரி கொஞ்சமாகத் தூக்கிக் காட்டினார். எங்கள் கல்யாணத்தன்று நான் பார்க்காமல் போன முகத்தை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

மறுநாள் ஆபீசில் மேனேஜர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்ற முடிவோடுதான் இவர் போனார். மேனேஜர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அடுத்த படம் எடுக்கும் உத்தேசம் இருக்கிறதா என்று விசாரித்தார். பிறகு மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே, “எனக்குப் பெரிய வேஷமெல்லாம் வேணாம். செத்தா போதும்” என்றார்.

இரண்டாவது படத்துக்குத் தம்பி கதை எழுதிக்கொண்டுவந்தான். வீட்டில் உட்கார்ந்து படித்துக் காட்டினான். இந்த முறை நண்டு கொன்றவர்களுக்குப் போர்வை போர்த்துகிறது, தண்ணீர்க் குழாயை மூடுகிறது, மிதியடியில் கால் துடைத்துக்கொள்கிறது. நான் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்கே புரியவில்லை. என் வீட்டுக்காரர்தான் சொன்னார்.

“இதெல்லாம் வேணாம் மாப்ள. நீ பயமாவே எழுது. போன தடவ நான் பயமுறுத்தத்தான் பாத்தேன். முழு மனசோடதான் செஞ்சேன். சிரிக்க வைக்கணும்னு செஞ்சா எனக்கு வராது.”

தம்பி காகிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, நிஜமாகவே பயங்கரமான ஒரு கதையை எழுதினான். அவன் அப்படி நம்பினான் என்பதுதான் முக்கியம். நண்டு இந்த முறை ஒரு ஆபீசுக்குள் புகுந்துவிடுகிறது.

மேனேஜர் சாகும் காட்சியை ஒரு விடுமுறை நாள் காலையில் அவருடைய சொந்த அறையிலேயே எடுத்தோம். அவர் மனைவி, மச்சினிச்சி குடும்பம், சம்பந்தி வீட்டார் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். நான் நண்டுக்குப் புது ஜிப் போட்டிருந்தேன். தம்பி ஆரம்பிக்கச் சொன்னதும் நண்டு பெரிய கொடுக்கால் மேனேஜரின் கழுத்தைப் பிடித்தது. அவர் அலறினார். மேசைமேல் சாய்ந்தார். மேசையிலிருந்து நாற்காலிக்கு வந்தார். நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றி அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சம்பந்தி வீட்டார் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். மண்டியிட்டார். இருமினார். படுத்தார். எல்லோரும் கைதட்டலாம் என்று நினைத்த நேரத்தில் மறுபடி ஒரு முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். கேமராவுக்குப் பின்னால் தம்பியின் வாய் திறந்தபடியே இருந்தது. நிறுத்தச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

நண்டு பொறுமையாக நின்றுகொண்டிருந்தது. கடைசியில் அது குனிந்து, டீ வடிகட்டிக் கண்களை மேனேஜரின் முகத்துக்கு அருகில் கொண்டுபோய், இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் தன் மேலதிகாரிக்கு இட்ட முதல் உத்தரவை மெல்லிய குரலில் சொன்னது.

“போதும் சார். நீங்க செத்துட்டீங்க.”